பின்னறை ஈரமும் பேண்டு மாஸ்டர் மச்சானும்

ஆறு மாதமாக யாரும் சீந்தாமல் சுவரில் கிடந்த ஒரு பூஞ்சைக் கறையை, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் காதலிக்கத் தொடங்கினார்.

இன்ஸ்பெக்டர் என்றதும் யாரும் எழுந்து நிற்க வேண்டாம். அவர் போலீஸ் இல்லை. எடைக்கல் இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பார். படிக்கல்லை நிறுத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் முகச்சுளிப்பு. அந்தச் சுளிப்புக்கே கடைவீதி நடுங்கும். வீட்டில் நிலைமை வேறு. அவருடைய மனைவி ஆஸ்பத்திரி லாண்டரியில் சூப்பர்வைசர். இன்ஸ்பெக்டருக்கு மேலே சூப்பர்வைசர் என்று எந்த அரசாங்க உத்தரவிலும் கிடையாது. அந்த வீட்டில் மட்டும் இருபது வருஷமாக நடைமுறையில் இருந்தது.

பூஞ்சை இருந்தது பின்னறையில், பீரோவுக்குப் பின்னால். முதலில் உள்ளங்கை அளவு. "என்னங்க, சுவர் கறுக்குது, பாருங்க" என்று சூப்பர்வைசர் சொன்னாள். "பார்க்கலாம்" என்றார். சொன்ன சொல் தவறாமல் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. கறை தட்டு அளவாயிற்று, தாம்பாளம் அளவாயிற்று. அறைக்குள் நுழைந்தால் நனைந்த செருப்பின் வாசனை அடித்தது. இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டார். அவருடைய கணக்கில் பிரச்சினை தீர்ந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் போனைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

"அண்ணன் பேசினாரு. அவர் வீட்டுக் கூரையைப் பிரிச்சு மாத்தறாங்களாம். மூணு மாசம் ஆகுமாம். ஒண்ணாம் தேதி நம்ம வீட்டுக்கு வந்துடறேன்னாரு."

இன்ஸ்பெக்டர் தேநீர்க் கோப்பையைச் சாஸருக்குப் பதில் செய்தித்தாள் மேல் வைத்தார்.

அந்த அண்ணன் ஓய்வு பெற்ற பேண்டு மாஸ்டர். ஆள் நல்லவர். நல்லவர் என்பதுதான் சிக்கலே. சண்டை போட்டு அனுப்ப முடியாது. போன தடவை நாலே நாள் தங்கினார். காலை ஆறு மணிக்கு ட்ரம்பெட்டை எடுத்து ஒரே ஸ்வரத்தை முக்கால் மணி நேரம் ஊதினார். உதடு பழக வேண்டுமாம். பிறகு "மாப்பிள்ளை!" என்று ஆசையாக முதுகில் ஒரு தட்டு. இன்ஸ்பெக்டரின் கண்ணாடி எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. அவர் கூடத்து அலமாரியில் உயிராக வைத்திருந்த மில்லிகிராம் தராசின் முள், மச்சான் ஊருக்குப் போய் இரண்டு நாள் கழித்துத்தான் ஆட்டத்தை நிறுத்தியது. நாலு நாளுக்கே இந்தக் கதி. மூன்று மாதம் என்றால்?

"வரட்டுமே!" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் ஒரு கட்டை மேலே போய்விட்டது. "தாராளமா வரட்டும். ஆனா எங்க படுப்பாரு?"

"பின்னறையிலதான்."

அப்போதுதான் அந்தக் காதல் பிறந்தது.

"பின்னறையா? அங்க பூஞ்சை இருக்கே!"

"ஆறு மாசமா நானும் அதைத்தானே சொல்றேன்?"

"நீ சொன்னப்ப அது வெறும் கறை. இப்ப அது ஆபத்து. உங்க அண்ணன் ஊதிப் பிழைச்சவரு. நுரையீரல்தான் அவரோட மூலதனம். அதுல பூஞ்சை புகுந்தா நாளைக்கு நாமதானே பதில் சொல்லணும்?"

"அடேங்கப்பா! அண்ணன் மேல திடீர்னு இவ்வளவு ஈரமா உங்களுக்கு?"

"என் நெஞ்சுல ஈரம் இருக்கலாம். அறையிலதான் இருக்கக் கூடாது."

இந்தப் பதிலை அவர் மறுபடி ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்து ரசித்தார். மறுநாளே ஆபீசிலிருந்து வரும் வழியில் ஒரு வட்ட மீட்டரை வாங்கிக்கொண்டு வந்தார். காற்றில் எத்தனை சதவீதம் ஈரம் என்று முள் காட்டும். அதைப் பின்னறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சுண்ணக்கட்டியும் கையுமாக நின்று விளக்கினார்.

"கேட்டுக்கோ. காத்துல ஈரம் அறுபதைத் தாண்டினா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அறுபதுக்குக் கீழ இருந்தா அதுக்குத் திண்டாட்டம். ஒரு வாரம் முழுக்க அறுபதுக்குக் கீழ நின்னா உங்க அண்ணன் வரலாம்."

"அறுபதுக்குக் கீழன்னா எப்படிங்க? அண்ணனுக்கு அறுபத்திரண்டு ஆச்சே!"

"வயசு இல்லம்மா! ஈரப்பதம்!"

"ஓ! அளந்து பார்த்து ஆளைச் சேர்க்கறீங்க. சரி, அளவு உங்க தொழில். ஈரம் என் தொழில். பார்த்துடலாம்."

மீட்டர் எழுபத்திரண்டு காட்டியது. இன்ஸ்பெக்டர் அதைக் கதவில் எழுதி வட்டம் போட்டார். எழுபத்திரண்டைப் பதினொரு நாளில் எந்த மனுஷி இறக்க முடியும்? நிம்மதியாகத் தூங்கினார்.

சூப்பர்வைசருக்குப் பதினொரு நாள் தேவைப்படவில்லை. லாண்டரியில் தினமும் ஆயிரத்து இருநூறு போர்வைகளை உலர்த்தி அனுப்புகிறவள் அவள். துணி போலத்தான் சுவரும் என்பது அவள் கொள்கை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினாள். பின்னறையில் கட்டியிருந்த துணிக்கொடியை அறுத்து எறிந்தாள். குளித்து முடித்ததும் குளியலறைக் கதவைச் சாத்தி, வெளியே தள்ளும் காற்றாடியை அரை மணி நேரம் ஓட விட்டாள். சமைக்கும்போது பாத்திரத்துக்கு மூடி. வெயில் காய்ந்த மத்தியானங்களில் எதிரெதிர் ஜன்னல் இரண்டும் திறப்பு.

மூன்றாம் நாள் காலை இன்ஸ்பெக்டர் பல் துலக்கியபடி போய் மீட்டரைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. பற்பசை நுரை தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"இறங்கிடுச்சு பார்த்தீங்களா?" என்றாள் அவள், வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

"முள்ளு சிக்கியிருக்கும்" என்றார்.

"முள்ளு சிக்கலைங்க. உங்களுக்குத்தான் தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு."

காலை ஏழிலிருந்து பிற்பகல் மூன்று வரை அவளுக்கு வேலை. இன்ஸ்பெக்டரின் ஆபீஸோ அடுத்த தெருதான். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், ஊரிலுள்ள அத்தனை தராசுக்கும் முத்திரை குத்துகிற அந்த நேர்மையான மனிதர், திருடனைப் போலத் தன் சொந்த வீட்டுக்குள் நுழைந்தார். எட்டுத் துவாலைகளை வாளியில் முக்கினார். பிழியாமல் கட்டிலுக்கு அடியில் வரிசையாகப் பரப்பினார். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து அறை நடுவில் திறந்து வைத்தார். ஜன்னலைச் சாத்தினார். முள் மெல்ல எழுந்தது. அறுபத்தைந்து. எழுபது. எழுபத்தெட்டு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு முள் ஏறுவதைப் பார்த்து அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சாயங்காலம் சூப்பர்வைசர் மீட்டரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"காலையில ஐம்பத்தெட்டு. இப்ப எண்பத்தொண்ணு. வேடிக்கையா இல்ல?"

"இயற்கைம்மா. இயற்கையை யார் ஜெயிக்க முடியும்?"

"நான் வீட்ல இருந்தா குறையுது. நான் போனா ஏறுது."

"உன்னைப் பார்த்தா நானே காய்ஞ்சு போறேன். ஈரம் பயப்படாதா?"

அவள் சிரித்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

நாலு நாள் இப்படியே போயிற்று. காலையில் அவள் இறக்குவாள், மத்தியானம் அவர் ஏற்றுவார். கதவு முழுக்கச் சுண்ணக்கட்டி எண்கள். ஐந்தாம் நாள் அவருக்குப் பேராசை பிடித்தது. ஒரு கெட்டில் போதாதென்று இரண்டு பெரிய பாத்திரங்களிலும் வெந்நீர் வைத்தார். ஆவி அறையில் அடங்காமல் ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே குபுகுபுவென்று கிளம்பியது. மாடி வீட்டில் தையல்காரர் குடியிருந்தார். பகல் முழுக்க ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவர். கீழே எட்டிப் பார்த்தார்.

"சார்! சார்! வீட்டுக்குள்ள ரயில் விட்டிருக்கீங்களா?"

இன்ஸ்பெக்டர் தலையை வெளியே நீட்டினார். முகமெல்லாம் நீர்த்துளி.

"ஒண்ணுமில்லைங்க. சளி. ஆவி பிடிக்கிறேன்."

"ஒரு ஆளுக்கா இவ்வளவு ஆவி?"

"சளி ஜாஸ்தி!"

தையல்காரர் அனுதாபமுள்ளவர். சாயங்காலம் சூப்பர்வைசர் வாசலில் நுழையும்போதே மேலிருந்து கேட்டுவிட்டார். "அக்கா, சாருக்குச் சளி எப்படி இருக்கு? மத்தியானம் பாவம், அறையே தெரியாத அளவுக்கு ஆவி பிடிச்சாரே!"

அவள் உள்ளே வந்தாள். நேரே பின்னறைக்குப் போனாள். கட்டில் பக்கமாக ஊக்கு ஒன்று விழுந்தது போலக் குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தபோது முகம் தாய்மையே உருவாக இருந்தது.

"உங்களுக்கு இவ்வளவு சளின்னு என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"தொந்தரவா? எனக்கு உங்களை விட்டா யாரு?"

அன்றிலிருந்து மூன்று நாள் அவருக்குச் சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கொண்டுவந்த கறுப்பு மருந்து, வேளைக்கு இரண்டு கரண்டி. அந்தக் கசப்பில் நாக்கு வாய்க்குள்ளேயே ஒளிய இடம் தேடியது. அப்புறம் முழுப் போர்வையால் தலையோடு மூடி, வெந்நீர்ப் பாத்திரத்தின் முன்னால் அரை மணி ஆவி.

"எனக்குச் சரியாயிடுச்சும்மா!" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வரும்.

"ஜாஸ்தி சளின்னு சொன்னீங்களாமே. இன்னும் பத்து நிமிஷம்."

நாலாம் நாள் காலை, மருந்துப் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க. அந்த அறை அறுபதுக்குக் கீழ நிக்காது. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், ஒண்ணாம் தேதி கிளம்ப வேணாம்னு."

இன்ஸ்பெக்டருக்கு அந்த வாக்கியத்தில் 'வேணாம்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. மற்றச் சொற்களை அவர் நிறுத்துப் பார்க்கவில்லை.

"அடடா! பாவம். ரொம்ப வருத்தப்பட்டாரா?"

"உங்க அக்கறையைச் சொன்னேன். நெகிழ்ந்து போயிட்டாரு."

ஒன்றாம் தேதி வந்தது. மச்சான் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். மூன்று விதம். பாதிக் கிண்ணம் தீர்ந்தபோது சூப்பர்வைசர் சாவகாசமாகப் பேச்சை எடுத்தாள்.

"எனக்கு ஒரு யோசனை. அந்த அறை இனிமே சும்மாதானே இருக்கு? உங்க பழைய தராசு, படிக்கல்லு எல்லாம் பன்னிரண்டு பெட்டியில கூடத்துல அடைஞ்சு கிடக்கு. அதையெல்லாம் அங்க அழகா அடுக்கினா என்ன?"

இன்ஸ்பெக்டரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. இருபத்தைந்து வருஷமாக அவர் சேர்த்த தராசுகள்! நகைக்கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு, விரல் நகம் அளவுப் பித்தளைப் படிக்கற்கள்! "இந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்க" என்று ஆண்டுக்கு இரண்டு தடவை சொல்லும் வாயா இது?

"நிஜமாவா சொல்றே?"

"அடுக்கலாம்னுதான் சொல்றேன். ஆனா..." அவள் கரண்டியை நக்கினாள். "அந்த ஈரத்துல பித்தளையெல்லாம் ஒரே மாசத்துல பச்சையாயிடும். இரும்பு துருப்பிடிச்சுடும். வேணாம், விடுங்க. நீங்கதான் சொன்னீங்களே, இயற்கையை யார் ஜெயிக்க முடியும்னு."

"நான் ஜெயிக்கிறேன்!" என்று எழுந்து நின்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாளே பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சுவரை நேருக்கு நேர் பார்த்தார்.

"முதல்ல கறையைத் துடைக்காதீங்க" என்றாள் அவள். "ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. மூலத்தை விட்டுட்டுத் துடைச்சா, துடைச்சுக்கிட்டேதான் இருக்கணும்."

அவர் வீட்டுக்கு வெளியே போய், சுவரோடு சுவராக முகத்தை வைத்துத் தடவிப் பார்த்தார். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர்க் குழாய், இடுப்பு உயரத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பெய்த மழையெல்லாம் அந்த வழியாகப் பின்னறைச் சுவருக்குள் குடியேறியிருந்தது. பிளம்பரைக் கூப்பிடவில்லை. தானே ஏணி போட்டு, தானே குழாயை அறுத்து, தானே மாற்றினார். தானே ஏணியிலிருந்து வழுக்கித் துளசி போல் வளர்ந்திருந்த ஏதோ ஒரு செடி மேல் உட்கார்ந்தார்.

பிறகு உள்ளே. வாயையும் மூக்கையும் மூடித் துணி, கையில் ரப்பர் உறை. பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். உப்பிப்போன பூச்சைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட ஒரே உற்சாகம். சாப்பிடக் கூப்பிட்டால் "இன்னும் ரெண்டு அடி!" என்று குரல் கொடுத்தார். ஒரு நாள் அறை காயட்டும் என்று ஜன்னலை அகலத் திறந்து வைத்தார். முள் சர்ரென்று ஏறியது. ஓடினார்.

"ஐயோ! என்னம்மா இது, திறந்தா ஏறுது?"

"வெளியில பாருங்க. தூறுது. ஈரத்தை நீங்களே விருந்துக்குக் கூப்பிட்டா அது வரத்தானே செய்யும்? வெளிக்காத்து காய்ஞ்சிருக்கறப்ப திறங்க. நனைஞ்சிருக்கறப்ப சாத்துங்க. அவ்வளவுதான்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"மீட்டர் உங்களுதாச்சே."

அவர் கற்றுக்கொண்டார். சாத்த வேண்டிய நேரத்தில் சாத்தினார், திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தார். கதவுக்கு மேலே காற்று வெளியேற ஒரு துவாரம் வெட்டி வலை அடித்தார். பூச்சு நன்றாகக் காயும்வரை பொறுத்து, பிறகே வெள்ளையடித்தார். மத்தியானம் யாருக்கும் தெரியாமல் துவாலை நனைத்த அதே மனிதர், இப்போது சூப்பர்வைசர் நனைந்த கைக்குட்டையோடு அந்தப் பக்கம் போனால்கூட "ஈரம்! ஈரம்!" என்று அலறினார்.

பதிமூன்றாம் நாள் முள் நாற்பத்தெட்டில் வந்து உட்கார்ந்தது. பதினாலாம் நாளும் நகரவில்லை. அறையில் நனைந்த செருப்பு வாசனை போய்ப் புதுச் சுண்ணாம்பின் வாசனை வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் நடுவில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டார். ஒரு சுவரைத் தன் கையால் காய வைத்ததில் இத்தனை ஆனந்தம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், ஆறு மாதம் முன்பே செய்திருப்பாரே!

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆனந்தத்தை ஒரு ஆளிடமாவது காட்டியாக வேண்டும். மாடித் தையல்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"கையை வச்சுப் பாருங்க. வைங்க. எப்படி இருக்கு?"

"மொறுமொறுன்னு இருக்கு சார்!"

"நாற்பத்தெட்டு! பூஞ்சை இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது."

"சார், எங்க குளியலறைச் சுவரும் கறுத்துப் போய்க் கிடக்கு. நீங்க ஒரு நடை வந்து பார்த்தீங்கன்னா..."

"நேரம் ஏதுங்க?" என்றார் இன்ஸ்பெக்டர், பெரிய டாக்டர்கள் சொல்வதுபோல. "இன்னிக்கு என் தராசுகளை அடுக்கணும். மூணு மாச வேலை. யாரையும் பார்க்க முடியாது."

தையல்காரர் ஏமாற்றத்தோடு மாடி ஏறினார். அவர் ஏறி முடிக்கவில்லை, வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு கறுப்புப் பெட்டி இறங்கியது. பிறகு இன்னொரு பெட்டி. பிறகு ஒரு தொட்டில் அளவுக்கு வாய் அகன்ற பெரிய பித்தளை வாத்தியம். அதற்குப் பின்னாலிருந்து குரல்.

"மாப்பிள்ளை!"

முதுகில் தட்டு விழுந்தது. கண்ணாடி பறந்தது. இன்ஸ்பெக்டர் தரையில் துழாவி எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் பேண்டு மாஸ்டர் பின்னறையில் இருந்தார்.

"ஆகா! ஆகா! எனக்காக லீவு போட்டு, ஏணியிலேருந்து விழுந்து, சொந்தக் கையால சுண்ணாம்பு அடிச்சீங்களாமே! தங்கச்சி போன்ல சொல்லச் சொல்ல எனக்கு அழுகையே வந்துடுச்சு. கூடப் பிறந்தவன் செய்வானா இப்படி?"

இன்ஸ்பெக்டர் மனைவியின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"வர வேணாம்னு சொல்லிட்டேன்னு சொன்னியே!"

"ஒண்ணாம் தேதி கிளம்ப வேணாம்னு சொன்னேன். சுண்ணாம்பு காயட்டும், பதினைஞ்சாம் தேதி வாங்கன்னு சொன்னேன். இதுல எது பொய்?"

"தராசு அடுக்கலாம்னியே?"

"தாராளமா அடுக்குங்க. ஒரு சுவர் உங்களுக்கு, மூணு சுவர் அண்ணனுக்கு."

"இது ஏமாத்து! அளவுல மோசடி!"

"மோசடியா?" அவள் இடுப்பில் கை வைத்தாள். "எட்டுத் துவாலை. மூணு பாத்திரம். தினமும் மத்தியானம் ஒண்ணு பத்துக்கு. லாண்டரியில இருபது வருஷம் குப்பை கொட்டினவகிட்ட ஈரத் துவாலையை ஒளிச்சு வைக்கிறீங்களே! ஒளிக்கிறதுன்னு முடிவு பண்ணினப்புறம், குறைஞ்சபட்சம் பிழிஞ்சாவது ஒளிக்கக் கூடாதா? கட்டிலுக்கு அடியில குளமே கட்டிக்கிடந்தது."

"தெரிஞ்சும் சும்மாவா இருந்தே?"

"சும்மா எங்க இருந்தேன்? மருந்து கொடுத்தேனே."

அந்தக் கறுப்பு மருந்தின் ஒவ்வொரு கரண்டியும் இன்ஸ்பெக்டருக்கு இப்போது மறுபடி கசந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினார். முடியவில்லை. இரண்டு பேரும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"அங்க என்ன சத்தம்?" என்று பின்னறையிலிருந்து பேண்டு மாஸ்டர் கேட்டார்.

"அவருக்கு உங்களைப் பார்த்த சந்தோஷம் தாங்கலை அண்ணா!"

சாயங்காலம் முழுக்க மச்சானும் மாப்பிள்ளையும் தராசு அடுக்கினார்கள். ஒவ்வொரு தராசையும் தூக்கிப் பார்த்து "இது எந்தக் கடையோடது?" என்று கேட்கிற ஆள் இதுவரை இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்ததில்லை. மச்சான் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றிவிட்டது. மூன்று மாதம்தானே, ஓடிவிடும் என்றுகூட நினைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணி. பின்னறையில் ட்ரம்பெட் வாயைத் திறந்தது.

அறை ஈரமாக இருந்த காலத்தில் சத்தத்தைச் சுவர் கொஞ்சமாவது குடித்திருக்கும். இப்போது நாலு சுவரும் மொறுமொறுவென்று காய்ந்து, புதுப்பூச்சு கெட்டிப்பட்டு, ஊதிய ஒரு ஸ்வரம் ஒன்பது ஸ்வரமாகத் திரும்பியது. கதவுக்கு மேல் அவரே வெட்டிய துவாரம் வழியாக அது வீடு முழுக்க வந்தது. இன்ஸ்பெக்டர் தலையணையால் காதை மூடினார். பஞ்சு வைத்தார். பக்கத்தில் சூப்பர்வைசர் பச்சைக் குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். இருபது வருஷம் லாண்டரி மெஷின்களுக்கு நடுவில் நின்ற காது அது. இன்ஸ்பெக்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். ஞாயிறு கழிந்த திங்கள். லீவு இன்னும் ஒரு நாள் பாக்கி. ஆபீஸ் பூட்டியிருக்கும். தெருவில் டீக்கடைகூடத் திறக்கவில்லை. திறந்திருந்த ஒரே கதவு மாடியில்தான் தெரிந்தது.

இரண்டிரண்டு படியாக ஏறினார். தையல்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் சுரண்டும் தகடு, தோளில் ரப்பர் உறை.

"வாங்க சார், குளியலறை இந்தப் பக்கம். ஊத ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல வந்துடுவீங்கன்னு அக்கா நேத்தே சொல்லிட்டுப் போனாங்க" என்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலுதான் ஆகுது."